அமீனாவுக்கு இரண்டு வீடு தள்ளி

அமீனா ஏறும் பஸ்ஸிலேயே அந்த அக்காவும் ஏறுவார். அமீனா முன்னால் உட்கார்ந்தால் இவர் பெண்கள் பக்கம் கடைசி இருக்கை. அமீனா இறங்கும் நிறுத்தத்தில் இவரும் இறங்கி, ஒரு டீ குடிக்கும் நேரம் நின்றுவிட்டு, இரண்டு வீடு தள்ளிப் பின்னாலேயே நடப்பார்.

அமீனா என்பவர் கோர்ட் சம்மனை வீட்டுக்குக் கொண்டுவருகிற ஊழியர். நிலம், வீடு, பாகப்பிரிவினை என்று சிவில் வழக்குகளுக்குப் போலீஸ் வராது, இவர்தான் வருவார். அருப்புக்கோட்டை, திருச்சுழி, பரளச்சி சுற்றுவட்டாரத்தில் அவரைத் தெருமுனையில் கண்டதுமே கதவுகள் சாத்திக்கொள்ளும். அவர் போன பிறகு அந்தக் கதவைத் தட்டுவதுதான் இந்த அக்காவின் வேலை.

வேலை என்று சொல்வது சரியில்லை. கோர்ட் தாழ்வாரத்தில் இலவச சட்ட உதவி என்று எழுதிய மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதுதான் அவருக்குக் கொடுத்திருந்த வேலை. தன்னார்வலர். வருகிற நாளுக்கு மட்டும் சிறிய படிப்பணம். பஸ்ஸில் ஏறிப் போகும்படி அவரிடம் யாரும் சொன்னதில்லை.

"ஏம்மா, நீ என் பின்னாடியே வந்தா ஊர்ல என்ன பேசுவாக?" என்று அமீனா ஒருமுறை பஸ்ஸிலேயே கேட்டிருக்கிறார்.

"அமீனாவுக்கு ஒரு அமீனா போட்டுருக்காகன்னு பேசுவாக. உங்களுக்குக் கெத்துதானண்ணே."

நாற்பத்தைந்து வயது இருக்கும். முன்பு நூல் மில்லில் இருந்தவர். பெயரை எழுத எனக்கு அனுமதி இல்லை. அவர் இப்போது அந்த மேசையில் இல்லை, கேட்கவும் வழியில்லை. அவரைப் பற்றி ஒன்றே ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் இதைச் சொல்வேன்: 'பயப்படாதீங்க' என்று அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. வக்கீல், குமாஸ்தா, டீக்கடைக்காரர் என்று கோர்ட் வளாகத்தில் எல்லோரும் எல்லோரிடமும் சொல்லும் வார்த்தை அது. இவர் மட்டும், "நல்லாப் பயப்படுங்க" என்பார். "அந்த ஆளப் பாத்துப் பயந்து என்ன ஆகப்போகுது? தேதியப் பாத்துப் பயப்படுங்க."

அதற்காகவே அவர் மேசையில் தினசரிக் காலண்டர் ஒன்று படுத்துக் கிடக்கும். சுவரில் மாட்டுகிற அதே காலண்டர்தான், அட்டையோடு. யாராவது காகிதத்தோடு வந்தால், கோர்ட்டில் ஆஜராக வேண்டிய தேதி வரைக்கும் உள்ள தாள்களைச் சேர்த்துப் பிடித்து, வந்தவரின் விரலை எடுத்து அதன் மேல் வைப்பார். "இம்புட்டுத்தான் இருக்கு. தொட்டுப் பாத்துக்கோங்க." படிக்கத் தெரியாதவர்களுக்கும் அந்தக் கனம் புரிந்துவிடும். சிலர் விரலை வெடுக்கென்று இழுத்துக்கொள்வார்கள். கிழித்த தாள்களையும் அவர் தூரப் போடுவதில்லை. ரப்பர் பேண்ட் போட்டு மேசை இழுப்பறையில் வைத்திருப்பார். அது எதற்கு என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

டவுனில் ஒரு பாத்திரக்கடை வீட்டு மருமகள். கணவர் துபாயில். மாமனாரின் கடை பற்றிய வழக்கில் இவளுக்கும் சம்மன். கணவர் போனில், "நீ எதையும் வாங்காத, நான் வந்து பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். அக்கா அவள் வீட்டு நடையில் நின்றுகொண்டே போனை ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"பாய், எப்ப வாரீக?"

"நோம்புக்கு லீவு கேட்டிருக்கேன்."

"நீங்க வாரதுக்கு முன்னாடி தேதி வந்துரும் பாய். அதுக்கு விசா வேண்டாம், டிக்கெட்டு வேண்டாம்."

பிறகு, "வாங்கிக்கட்டும்" என்றாராம். இதை அக்கா எனக்குச் சொன்னபோது நான் சிரித்தேன். அந்த மாதத்தில் நான் சிரித்தது அன்று மட்டும்தான்.

நான் டிப்ளமா படித்தவள். கமுதி சாலையில் ஒரு சூரிய மின் நிலையத்தில் இன்வெர்ட்டர் பராமரிப்பு வேலை. அப்பா இறந்து நான்கு வருடம். பரளச்சிக்குத் தெற்கே எங்கள் ஊரில், அப்பா கட்டிய இரண்டு அறை வீட்டில் அம்மாவும் நானும். வீடு இருக்கும் மனை தன்னுடையது, தம்பியை இரக்கப்பட்டுக் குடியிருக்க விட்டேன், காலி செய்து தர வேண்டும் என்று பெரியப்பா வழக்குப் போட்டார். வீட்டு வரி ரசீதெல்லாம் அப்பா பெயரில் இருந்தது. அவற்றைக் கோர்ட்டில் காட்டியிருந்தால் வழக்கு வேறு மாதிரி போயிருக்கும். காட்ட யாரும் போகவில்லை. வழக்கு நடப்பதே எனக்குத் தெரியாது.

அமீனா வந்த அன்று நான் வேலையில் இருந்தேன். அம்மா அவர் முகத்தைப் பார்த்ததும், "வீட்ல ஆம்பளை இல்ல" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். எங்கள் பக்கத்தில் அது மரியாதையான பதில். அதற்குள் இன்னொன்றும் இருந்தது. சொந்தக்காரர் போட்ட வழக்கின் காகிதத்தைக் கையில் வாங்கினால், அவரோடு சண்டைக்குச் சம்மதித்ததாக ஆகிவிடும். வாங்காமல் விட்டால் சண்டையே இல்லை. இப்படி நினைத்தது அம்மா மட்டுமில்லை. தெருவில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். அமீனா கதவில் ஒட்டிவிட்டுப் போன காகிதத்தை அம்மா கிழித்து அடுப்பில் போட்டார். என்னிடம் சொல்லவில்லை.

ஐந்து மாதம் கழித்து, பேச்சோடு பேச்சாக அது வெளியே வந்தது. நான் உடனே போனில் நீதிமன்றங்களின் இணையதளத்தைத் திறந்து, பெரியப்பா பெயரைப் போட்டுத் தேடினேன். வழக்கு இருந்தது. நிலை: முடிக்கப்பட்டது. 'கேசு முடிஞ்சிருச்சும்மா' என்று நான்தான் சொன்னேன். அம்மா அன்று கேசரி கிண்டினார். திரையில் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் என்ன பொருள் என்று தெரியாமல் என் நிலையத்தில் ஒரு பொத்தானைக்கூட நான் தொடமாட்டேன். வீட்டு விஷயத்தில் தொட்டேன்.

அதற்கு அடுத்த வாரம் வேலை முடிந்து வந்தபோது அம்மா கதவில் தண்ணீர் தெளித்துக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தார். இன்னொரு காகிதம். தெருவில் நாலு பேர் பார்ப்பதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று அவசரம். நான் பிடுங்கியபோது மேல்பாதிதான் மிஞ்சியிருந்தது. வீட்டை ஒப்படைப்பது பற்றி என்று தெரிந்தது. என்றைக்கு என்பது சுரண்டிய பாதியில் இருந்தது. ஈரக் காகிதக்கூழாக அது கரண்டியில் ஒட்டியிருந்தது. அதை வெயிலில் காயவைத்துப் பிரித்துப் பார்த்தேன். ஒரு எழுத்தும் தேறவில்லை.

அந்தப் பாதிக் காகிதத்தோடுதான் அக்காவின் மேசைக்கு முதன்முதலாகப் போனேன். என் கேள்விகளை வரிசை எண் போட்டு எழுதிக் கொண்டுபோயிருந்தேன். அவர் அந்தத் தாளை வாங்கி ஓரமாக வைத்தார்.

"மொதல்ல இதச் சொல்லு. அமீனா மொதத் தடவ வந்தது என்னைக்கு?"

"புதன்கிழமைன்னு அம்மா சொல்றாங்க. ஊர்ல அம்மன் கோயில் பொங்கல் சாட்டுன மறுநாள்."

வழக்கு எண்ணை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். கால்மணி நேரத்தில் வந்தார். இழுப்பறையைத் திறந்து, கிழித்த தாள்களின் கட்டை எடுத்து, ஒரு பிடியைப் பிரித்து என் விரலை அதன்மேல் வைத்தார். வராதவர்களுக்கு எதிராக ஒருதலையாகத் தீர்ப்பு ஆகி எழுபத்தோரு நாள். தீர்ப்பை ரத்து செய்யக் கேட்க முப்பது நாள்தான் கெடு. எங்கள் நாள்கள் முழுவதும் கிழித்த கட்டில் இருந்தன.

விரலை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். அவர் கையை எடுக்கவில்லை.

"அந்தப் புதன்கிழமை நான் இங்கனதான் உக்காந்திருந்தேன்" என்றார். "அதுக்கு ரெண்டு வாரம் முந்தித்தான் மேசைய விட்டு எந்திரிச்சுப் போகக் கூடாதுன்னு சொன்னாக. அன்னைக்கு ஒருத்தரும் வரல. ஈ ஓட்டிக்கிட்டு இருந்தேன்."

இரண்டு வீடு தள்ளி அவர் வந்திருந்தால் என்று அன்று முழுவதும் யோசித்தேன். எங்கள் நிலையத்தில் அபாய விளக்கு எரியும் பலகையிலேயே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சும் இருக்கும். விளக்கு ஒரு ஊரிலும் சுவிட்ச் முப்பது கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ஊரிலும் இருந்தால் அந்த வரைபடத்தை யாரும் ஏற்கமாட்டார்கள். சட்ட உதவி அப்படித்தான் இருக்கிறது. பெண் என்றால் வருமானம்கூடக் கேட்காமல் இலவசமாக வக்கீல் கிடைப்பார் என்று கோர்ட் சுவரில் பலகை இருக்கிறது. "உள்ள வந்தவுகளுக்குத்தான் உள்ள வரலாம்னு தெரியுது" என்பார் அக்கா. சம்மன் மேலேயே பெரிய எழுத்தில் ஒரு தாள் குத்தி அனுப்ப வேண்டும், 'வாங்கினால் சம்மதித்ததாக ஆகாது, இந்த மேசைக்கு வா, இந்தத் தேதிக்குள் வா' என்று. முடிந்தால் அமீனாவோடு ஒரு ஆளையும் அனுப்ப வேண்டும். அவர் கேட்டது இவ்வளவுதான். இரண்டு முறை எழுதிக் கொடுத்திருக்கிறார். பதில் இல்லை.

எங்களுக்கு நியமித்த வக்கீல் இளைஞர். கெட்டவர் இல்லை, கையில் வழக்குகள் அதிகம். கெடு தாண்டினாலும் மனுப் போடலாம், ஆனால் ஏன் தாமதம் என்று அதில் காரணம் சொல்ல வேண்டும். "மஞ்சள் காமாலைன்னு போட்டுருவோம். நாட்டு வைத்தியம்னு சொன்னா சர்டிபிகேட் கேக்க மாட்டாங்க" என்றார்.

"இந்தக் கோர்ட்டுல வாய்தாவுக்கு வராத அம்புட்டுப் பேருக்கும் மஞ்சக்காமாலைதான் சார்" என்றார் அக்கா. "இந்நேரம் நம்ம பக்கம் கீழாநெல்லியே தீந்துபோயிருக்கணும்."

"வேற என்னக்கா எழுதச் சொல்றீங்க?"

"நான் உள்ள போயி, திரும்பி வந்த சம்மனோட பின்பக்கத்தப் பாத்தேன். 'நேரில் இருந்தும் வாங்க மறுத்து, கதவைச் சாத்திக்கொண்டார்'னு அமீனா எழுதியிருக்காரு. காமாலக்காரி எப்படி சார் எந்திரிச்சு வந்து அம்புட்டு வேகமாக் கதவச் சாத்துவா?"

"உண்மையை எழுதினா, தெரிஞ்சே வாங்கலன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி. அதை வச்சே மனுவைத் தள்ளிடலாம்."

இருவர் சொன்னதும் சரிதான். பொய் என்று பிடிபட்டாலும் வீடு போகும், உண்மையைச் சொன்னாலும் போகலாம். நான் இரண்டு பத்தி போட்டு, சாதக பாதகங்களை எழுத ஆரம்பித்தேன். அம்மா அதைப் பார்க்கவில்லை.

"பொய் சொன்னா எனக்கு நாக்குக் குழறும் தம்பி" என்றார் வக்கீலிடம். "நடந்ததயே எழுதுங்க. போனாப் போகட்டும்."

போனால் போகட்டும் என்று அவர் சொன்னாரே தவிர, அன்றிலிருந்து நாங்கள் இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. பதினொரு மணிக்கு ஒருமுறை, மூன்று மணிக்கு ஒருமுறை வேலையிடத்திலிருந்து போன் செய்வேன். அம்மா எடுக்க நாலு ரிங் ஆனால் வண்டிச் சாவியைக் கையில் எடுத்துவிடுவேன். சாயங்காலம் தெருமுனையில் வண்டியை நிறுத்தி, எங்கள் வீட்டு முன்னால் பாத்திரங்கள் கிடக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவேன். வீட்டிலிருந்து எடுக்க வேண்டியவை என்று ஒரு பட்டியல் போட்டேன். ஒன்பதாவது, தண்ணீர் மோட்டார். கழற்ற ஒன்றரை மணி நேரம் ஆகும். அதற்குமேல் எழுத முடியவில்லை.

வீட்டை ஒப்படைக்கும் வாரண்ட் அமீனா கைக்குப் போய்விட்டது என்பது வரை தெரிந்தது. என்று வருவார் என்பதை அவர் சொல்லக்கூடாது. ஒரு வெள்ளிக்கிழமை அக்கா பஸ்ஸில் அவருக்கு அடுத்த இருக்கையில் போய் உட்கார்ந்தார்.

"செவ்வாக்கிழமை உங்களுக்கு வெயில்ல அலைச்சல் இருக்காண்ணே?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாராம். பிறகு, "பரளச்சிப் பக்கம்னா செவ்வாக்கிழமை வெயில் சாஸ்திதான்" என்றாராம்.

திங்கள்கிழமை சாயங்காலம் அந்த வாரண்டை நிறுத்திவைக்கும் தடை உத்தரவு கிடைத்தது. வாய்மொழியாகத்தான். கையெழுத்தான நகல் மறுநாள் காலையில்தான் கிடைக்கும். அமீனா பஸ் ஏறுவதும் மறுநாள் காலையில்தான். "நகல நான் கொண்டாரேன். நீ உங்கம்மா பக்கத்துல இரு. கதவு தெறந்தே இருக்கட்டும்" என்றார் அக்கா.

செவ்வாய் காலை பத்தே முக்காலுக்குப் பெரியப்பா வந்தார். கூடவே சர்வேயர், இரண்டு ஆட்கள், சாமான்களை ஏற்ற ஒரு டிராக்டர். பெரியப்பா என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். அம்மா அடுப்படி வாசலில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தார்.

பஸ் வந்து நின்ற சத்தம் கேட்டது. தெருமுனையில் அமீனா திரும்பினார். அவருக்குப் பின்னால் ஒரு வீடு, இரண்டு வீடு, மூன்று வீடு என்று பார்த்தேன். யாருமில்லை. அமீனா எங்கள் வாசலுக்கு வந்து வாரண்டைப் பிரித்தார். படிக்க ஆரம்பித்தார். அவர் குரல் எனக்குக் கேட்டது, வார்த்தைகள் கேட்கவில்லை. ஆட்களில் ஒருவன் செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியில் கால் வைத்தான்.

அப்போதுதான் ஒரு பால் வண்டி வந்து நின்றது. கேன்களுக்கு நடுவில் ஒருக்களித்து உட்கார்ந்திருந்த அக்கா, வண்டி நிற்பதற்குள் குதித்தார். பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறார். நகலை அமீனா கையில் கொடுத்தபோது மூச்சு வாங்கியதில் பேச்சு வரவில்லை. அமீனா அதை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து முத்திரையைப் பார்த்தார். ஒருமுறை படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து வாரண்டின் பின்னால் எழுதினார். "வேலை இல்ல. எல்லாரும் கெளம்புங்க" என்றார்.

"யாரு இவ?" என்றார் பெரியப்பா. "எங்க குடும்பத்துக்குள்ள வாரதுக்கு இவ யாரு? இவதான் கோர்ட்டா?"

"நான் யாருமில்லய்யா. பேப்பரு கொண்டாந்தவ."

பெரியப்பா போனை எடுத்து அவரைப் படம் பிடித்தார். அமீனாவோடு அவர் நிற்கும்படி ஒன்று, தனியாக ஒன்று. அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவர்கள் போன பிறகு வாசல் திண்டில் உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்து முடித்தார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா தங்கச்சி, இனிமே பயமில்லையில்ல?" என்று கேட்டார். அவர் விரல்விட்டுக் காலண்டர் கணக்குப் போட ஆரம்பித்தார். தடை மூன்று வாரத்துக்குத்தான்.

விசாரணை அன்று எதிர்த்தரப்பு வக்கீல் அம்மாவைக் கேட்டார். "சம்மனை வேண்டுமென்றே வாங்கவில்லை. அப்படித்தானே?" அம்மா ஆமாம் என்றார். எங்கள் வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். நீதிபதி நிமிர்ந்து, ஏன் என்றார்.

"அவரு என் வீட்டுக்காரருக்கு அண்ணன்ங்கய்யா. வாங்குனா அவரோட சண்டைக்கு ஒத்துக்கிட்டதா ஆயிரும்னு நெனச்சேன். சண்டை போட எனக்குத் தெகிரியம் இல்ல. அதான் சாத்திட்டேன். அடிச்சுக் கேட்டாலும் இதான்ங்கய்யா."

உத்தரவு இரண்டு வாரம் கழித்து. அந்த இரண்டு வாரத்தைப் பற்றி எழுதப் போவதில்லை. மனு ஏற்கப்பட்டது. பழைய தீர்ப்பு ரத்து. வழக்கு முதலிலிருந்து நடக்கும். எங்கள் பதிலை அடுத்த மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். வீடு கிடைத்துவிட்டது என்று சொல்ல முடியாது. அது எங்களுடையது என்று சொல்லிக்கொள்ள ஒரு வாய்ப்புக் கிடைத்தது. அம்மா உள்ளே குமாஸ்தாவின் ஜன்னலில் கையெழுத்துப் போட வரிசையில் நின்றார். நான் அக்காவிடம் சொல்லத் தாழ்வாரத்துக்கு ஓடினேன்.

அவர் கேட்டுக்கொண்டார். தலையை ஆட்டினார். பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டு, காலண்டர் அட்டைக்கு அடியிலிருந்து ஒரு பதிவுத் தபால் உறையை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். ஒட்டியது ஒட்டியபடி இருந்தது.

"என்னக்கா இது?"

"எனக்கு வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிட்டேன். பிரிக்கத்தான் மனசு வரல. நாலு தடவ கையில எடுத்துட்டேன்." சிரிக்கப் பார்த்தார். "நீ பிரியேன்."

பிரித்தேன். பெரியப்பாவின் புகாரின்மேல் சட்ட உதவி அலுவலகம் அனுப்பிய கடிதம். இரண்டு படங்களும் இணைத்திருந்தன. இருக்க வேண்டிய இடத்தை விட்டுப் போனது, ஊழியரிடமிருந்து வாரண்ட் விவரத்தைத் தெரிந்துகொண்டது, ஒரு தரப்புக்காக நேரில் போய் நின்றது. இவற்றுக்கு ஏழு நாளுக்குள் எழுத்தில் விளக்கம் தர வேண்டும், தராவிட்டால் தன்னார்வலர் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்படும். உறையின் மேலிருந்த தபால் முத்திரையைப் பார்த்தேன். கடிதத்தின் தேதியைப் பார்த்தேன். மனசுக்குள் கூட்டினேன். தப்பாக இருக்கும் என்று இன்னொரு முறை கூட்டினேன்.

"என்ன போட்டிருக்கு? எத்தன நாளு?"

"முந்தாநாளோட முடிஞ்சிருச்சுக்கா!" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக ஒலித்தது. தாழ்வாரத்தில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தார். கை சில்லென்று இருந்தது. கண் என்னைத் தாண்டி உள்ளே, ஜன்னல் வரிசையைப் பார்த்தது.

"மெல்லச் சொல்லு தாயி. அங்கன உங்கம்மா நிக்கிறாக. பயந்துருவாக."